தாண்டி நின்ற பஸ்

ஹைதராபாத் சிட்டி பஸ்ஸில் கண்டக்டருக்கு இரண்டே வார்த்தைதான். ‘ஹோல்டான்’ என்றால் வண்டி நிற்கும், ‘ரைட்’ என்றால் கிளம்பும். விசில் கிடையாது, மணி கிடையாது, எல்லாம் தொண்டைதான். ஹம்சா இந்த இரண்டு வார்த்தையையும் பதினோரு வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறாள். மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் வீடு. வீட்டில் பேசுவது தமிழ், பஸ்ஸில் சண்டை போடுவது தெலுங்கு, காய்கறி வண்டிக்காரனிடம் பேரம் பேசுவது உருது. மூன்றிலும் வாய் நீளம்தான். அவள் புருஷன் பாலச்சந்திரன் சனத்நகரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவன். ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று கடவுளே கணக்குப் போட்டிருப்பார் போலிருக்கிறது.

அவளுடைய வண்டி அல்வால் பக்கத்திலிருந்து கிளம்பி, லோத்குண்டா, செகந்திராபாத் வழியாகச் சனத்நகர் போகும். லோத்குண்டாவில் காலை எட்டேகாலுக்கு ஜுலைகா ஏறுவாள். சனத்நகரில் பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கூட்டத்தில் யாரோ அவள் காலை மிதித்துவிட, “ஐயோ, செத்தேன்!” என்று தமிழில் அலறினாள். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த ஹம்சா திரும்பிப் பார்த்தாள். எந்த ஊர் என்று கேட்டால் மேல்விஷாரம். ஹம்சாவின் அப்பா வழி ஆற்காடு. இரண்டுக்கும் நடுவில் கூப்பிடு தூரம்தான். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டார்கள்.

முன்வாசலுக்கு அடுத்த ஜன்னல் சீட் ஜுலைகாவுடையது. நிறுத்தத்துக்கும் நிறுத்தத்துக்கும் நடுவில் அந்தச் சீட்டில் சாய்ந்து நின்றுகொண்டு ஹம்சா பேசுவாள். வண்டி முழுக்கத் தெலுங்குக் காதுகள். தமிழில் என்ன பேசினாலும் யாருக்கும் விளங்காது. எதிர் சீட்டு அம்மாளின் மூக்குத்தியிலிருந்து ஜுலைகாவின் மாமியார் வரைக்கும் எல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தில் அலசப்படும். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. போன் நம்பர் கூட வாங்கிக்கொண்டதில்லை. தினமும் பார்க்கிறவர்களுக்கு நம்பர் எதற்கு?

ஹம்சாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை, தர்காவையும் விடவில்லை. வயிற்றில் தங்கியதை அவள் சொல்வதற்கு முன்னாலேயே கண்டுபிடித்தவள் ஜுலைகாதான். “இன்னாக்கா, டீசல் வாசனைக்கு இன்னிக்கு மூஞ்சி சுளிக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டுக் கண்ணைச் சிமிட்டினாள். ஹர்ஷா பிறந்தபோது கம்பெனி வெட்டுத்துணியில் ஆறு சட்டை தைத்து, மடித்து, ஒரு செய்தித்தாளில் சுற்றி, டிரைவர் மல்லேஷத்திடம் கொடுத்தனுப்பினாள். பேறுகால விடுப்பு முடிந்து ஹம்சா ஆடி மாதம் டூட்டிக்குத் திரும்பியபோது ஹர்ஷாவுக்கு நாலரை மாசம். பக்கத்து வீட்டு பாமா பார்த்துக்கொண்டாள்.

சுத்தம் என்றால் ஹம்சாவுக்கு உயிர். கொரோனா காலத்தில் டிப்போவில் கொடுத்த உத்தரவை மற்றவர்கள் எப்போதோ மறந்துவிட்டார்கள், இவள் விடவில்லை. பையில் ஒரு துணியும் மருந்துத் தண்ணீர் பாட்டிலும் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் கம்பி, கைப்பிடி, சீட்டு முதுகு எல்லாவற்றையும் துடைப்பாள். “மேடம் வண்டியில் கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்” என்பான் மல்லேஷம். கம்பியைத் துடைத்தாள், சரி. காற்றை என்ன செய்தாள்? மழை பெய்தால் ஜன்னலை மூடு, குளிரடித்தால் ஜன்னலை மூடு. எழுபது எண்பது பேர் ஒரே மூச்சை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு போவார்கள். ஜுலைகா ஒருத்திதான் தன் பக்கத்து ஜன்னலை நாலு விரல் திறந்து வைப்பாள்.

“நக்கோ ஜுலைகா, வேணாம், மூடு. எனக்கு ஏற்கனவே தொண்டை சரியில்ல” என்பாள் ஹம்சா.

தொண்டை விநாயகர் சதுர்த்தியிலிருந்தே சரியில்லை. தூசி, கத்தல், டீசல் புகை. கண்டக்டருக்கு இருமல் வராவிட்டால்தான் அதிசயம் என்று அவளே சொல்லிக்கொண்டாள். மிளகுக் கஷாயம் குடித்தாள். வீட்டுக்கு வந்ததும் கையைக் காலைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, யூனிபாரத்தை மாற்றிக்கொண்டு, அதற்கப்புறம்தான் குழந்தையைத் தூக்குவாள். தூக்கினால் கீழே விடமாட்டாள். அவன் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு இருமுவாள்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை ஜுலைகா முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு ஏறினாள். உட்கார்ந்ததும் ஜன்னலை முழுக்கத் திறந்தாள்.

“இன்னாடி, மறுபடியும் கொரோனாவா?”

“அக்கா, கொஞ்சம் தள்ளியே நில்லுங்க” என்றாள் ஜுலைகா. குரல் சன்னமாக வந்தது. “எனக்கு டிபின்னு சொல்லிட்டாங்க. தசராவுலேருந்து இருமல் இருந்துச்சில்ல, அதான். இன்னிக்கு மருந்து ஆரம்பம். ஆறு மாசம் விடாம சாப்ட்டா போயிடுமாம். மூணு வாரம் வீட்ல இருக்கச் சொல்லியிருக்காங்க. கம்பெனில சொல்லிட்டு வரதுக்குத்தான் இன்னிக்கு வந்தேன். உங்ககிட்ட மறைச்சுட்டு உங்க வண்டில உக்கார மனசு வரல.”

ஹம்சா சிரித்தாள். “அதெல்லாம் இந்தக் காலத்துல ஒரு நோயா? சரியாயிடும்டி” என்றாள். வாய்தான் சொன்னது. மனசு அப்போதே மெட்டுகுடாவுக்கு ஓடித் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. சனத்நகரில் ஜுலைகா இறங்கிப் போனதும் அந்தச் சீட்டில் பாதி பாட்டிலைக் கொட்டித் துடைத்தாள். அன்று இரவு பாலச்சந்திரனிடம் கூடச் சொல்லவில்லை. டிபி என்கிற வார்த்தையை வீட்டுக்குள் கொண்டுவரவே அவளுக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை லோத்குண்டா நிறுத்தத்தில், கூட்டத்துக்கு நடுவில், மாஸ்க்கோடு ஜுலைகா நின்றுகொண்டிருந்தாள். மூணு வாரம் வீட்டில் இரு என்றார்களாம், மூன்றாம் நாளே வந்து நிற்கிறாள் பார் என்று ஹம்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மல்லேஷம், தாண்டிப் போய் நிறுத்து. இங்கே பள்ளம்” என்றாள்.

ஹைதராபாத்தில் இது புதிசு ஒன்றும் இல்லை. நிறுத்தத்தில் நிற்கிற பஸ்ஸைவிட தாண்டி நிற்கிற பஸ்தான் அதிகம். அரை பர்லாங் தள்ளி, மிலிட்டரி காம்பவுண்டுச் சுவர் ஓரமாக வண்டி நின்றது. ஜனங்கள் திட்டிக்கொண்டே ஓடி வந்து ஏறினார்கள். திடமாக இருக்கிறவர்கள் ஓடிவிடுவார்கள். நுரையீரல் கெட்டவள் எப்படி ஓடுவாள்? ஜுலைகாவும் ஓடி வந்தாள். கையில் ஒரு காகிதத்தை உயர்த்திப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் நின்று குனிந்து இருமினாள். கடைசி ஆள் படியில் கால் வைத்ததும் ஹம்சா “ரைட்!” என்றாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அந்தக் காகிதம் டாக்டர் சர்ட்டிபிகேட்டாக இருக்கும், பஸ்ஸில் போகலாம் என்று யாரிடமாவது எழுதி வாங்கியிருப்பாள் என்று ஹம்சா நினைத்தாள். உனக்கு வேலை முக்கியம், எனக்கு என் பிள்ளை முக்கியம் என்று நினைத்தாள். நியாயம் கூடக் கண்டுபிடித்துவிட்டாள்: ஒருத்தியை ஏற்றி எண்பது பேருக்குக் கொடுப்பதா? ஜன்னலை எல்லாம் மூடிக்கொண்டு, தன் இருமலை முந்தானையில் அடக்கிக்கொண்டு, எண்பது பேரைக் காப்பாற்றினாள் அவள்.

பதினோரு நாள் இப்படிப் போயிற்று. ஒரு தடவை வண்டி பாதி காலி. ஜுலைகா கிட்டத்தட்ட வந்துவிட்டாள். அவள் கண்கூடத் தெரிந்தது. மாஸ்க்குக்குள் வாய் அசைந்தது. ஹம்சா முகத்தைத் திருப்பிக்கொண்டு ‘ரைட்’ சொன்னாள். பன்னிரண்டாம் நாள் அவள் வரவில்லை. மாமியார் அவளைப் பிறந்த ஊருக்கு அனுப்பிவிட்டதாக அந்த நிறுத்தத்தில் ஏறும் ஒரு பெண் சொன்னாள். ஹம்சாவுக்கு நெஞ்சில் கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டுமானால் நிம்மதிதான் அதிகம்.

சங்கராந்தி கழிந்து ஹர்ஷாவுக்குக் காய்ச்சல் வந்தது. பல் முளைக்கிற காய்ச்சல் என்றார்கள். திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். சிரித்துக்கொண்டே இருக்கிற பிள்ளை சிரிப்பை நிறுத்திவிட்டான். பால் குடித்தால் வாந்தி. தெருமுனை டாக்டர் ஒரு சிரப் கொடுத்தார், பிறகு இன்னொரு சிரப் கொடுத்தார். மூன்றாவது வாரம் பாமா அவன் தலையைத் தடவிவிட்டு, “ஹம்சா, உச்சிக்குழி புடைச்சிருக்குடி” என்றாள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளைச் சவ்வில் டிபி என்றார்கள். பிறந்தபோது போட்ட தடுப்பூசி எல்லாப் பிள்ளையையும் முழுக்கக் காப்பாற்றிவிடாது என்றும் சொன்னார்கள். வீட்டில் யாருக்கு இருமல் என்று டாக்டர் கேட்டார். யாரும் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஹம்சா அப்போதும் இருமிக்கொண்டுதான் நின்றாள்.

அவள் சளியைச் சோதித்ததில் கிருமி நிறைய இருந்தது. பாலச்சந்திரனுக்கும் பாமாவுக்கும் ஒன்றும் இல்லை. குழந்தைகள் படுத்திருக்கிற வார்டுக்குள் ஹம்சாவை விடமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மாஸ்க் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு நாள் நின்றாள். காவலாளி நல்ல மனுஷன். “அம்மா, தாண்டி வராதீங்க” என்று தெலுங்கில் கெஞ்சினான். உள்ளே பாலச்சந்திரன், பேச்சே வராத பாலச்சந்திரன், பிள்ளையின் காதில் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் அந்த வராந்தாவுக்கு டிபி பிரிவிலிருந்து சாய்குமார் என்கிற பையன் வந்தான். நோயாளியோடு யார் யார் பழகினார்கள் என்று எழுதிக்கொண்டு போவது அவன் வேலை. அவள் பேரைக் கேட்டான். வேலையைக் கேட்டான். பஸ் கண்டக்டர் என்றதும் பேனா நின்றது.

“லோத்குண்டா ரூட்டா?” என்று தெலுங்கில் கேட்டான். “ஜுலைகான்னு ஒருத்தங்களைத் தெரியுமா?”

ஹம்சா தலையாட்டினாள்.

நவம்பரிலேயே ஜுலைகா தன்னிடம் வந்ததாக அவன் சொன்னான். வீட்டு ஆட்களின் பெயரைக் கேட்டதற்கு முதல் பெயராக ஹம்சாவைச் சொன்னாளாம். பஸ்ஸில் பழகியவர்களை எல்லாம் தேடிப் போக ஆள் இல்லை, வீட்டில் இருக்கிறவர்களைச் சொல்லுங்கள் என்றானாம். அவள் விடவில்லையாம். எங்கள் கண்டக்டர் அக்கா என்னைவிட அதிகம் இருமுகிறாள், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை என்று மன்றாடினாளாம். அவள் தொல்லை தாங்காமல், தாய்க்குச் சோதனை, குழந்தைக்கு நோய் வராமல் தடுக்கிற மருந்து என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தானாம்.

“வேற யார்கிட்டயாவது குடுத்து அனுப்புங்கன்னேன். டிபி சீட்டு, நாலு பேர் பார்த்தா அக்காவுக்கு அவமானம், நானே குடுக்கிறேன்னாங்க. அப்புறம் ஒருநாள் வந்தாங்க. தினமும் போய் நிக்கிறேன், பஸ்ல ரொம்பக் கூட்டம், நிறுத்த முடியல பாவம்னு சொன்னாங்க.” அவன் தாளைத் திருப்பினான். “உங்க இருமல் எப்போ ஆரம்பிச்சது மேடம்?”

“வினாயக சவிதி.”

ஜுலைகாவின் இருமல், விநாயகர் சதுர்த்திக்கு ஒரு மாசம் கழித்து, தசராவில்தான் ஆரம்பித்தது. அது அவனுக்கும் தெரியும். யாரிடமிருந்து யாருக்கு என்று உறுதியாகச் சொல்ல முடியாது மேடம் என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் எழுதினான்.

மாசி பிறந்து நாலாம் நாள் ஹர்ஷா போய்விட்டான். பதினோரு மாசப் பிள்ளையை எரிக்கிற வழக்கமில்லை, புதைத்தார்கள். ஜுலைகா செய்தித்தாளில் சுற்றி அனுப்பிய சட்டைகளில், வெளுத்துப்போன ஒன்றைத்தான் போட்டுவிட்டார்கள். குழிக்குள் இறக்குவதற்கு முன்னால் பாலச்சந்திரன் அவளை மாஸ்க்கைக் கழற்றச் சொன்னான். “இனிமே இன்னா ஆவப்போவுது, குடு” என்றான். அவள் பிள்ளைக்கு முத்தம் கொடுத்தாள். அவள் அழுத அழுகையை எழுதி யாருக்கும் காட்ட முடியாது.

மருந்து வேலை செய்தது. சித்திரையில் டூட்டிக்குத் திரும்பினாள். இப்போது அவள் கம்பியைத் துடைப்பதில்லை. வண்டி கிளம்புமுன் முன்னாலிருந்து பின்னால் வரை போய் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து வைப்பாள். யாராவது மூடினால் போய்த் திறப்பாள். சாரல் அடிக்கிறது என்பார்கள், முடி கலைகிறது என்பார்கள். “நனைஞ்சா காயும். திறங்க” என்பாள். இருமுகிறவர்களைக் கண்டால் விரட்டுவதில்லை. ஜன்னல் சீட்டில் இருக்கிறவரை எழுப்பி இருமுகிறவரை அங்கே உட்காரவைத்து, பையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்துக் கொடுத்து, எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்குச் சளி பார்ப்பார்கள் என்று சொல்லுவாள். மேடத்துக்குப் பிள்ளை போனதிலிருந்து மூளை கலங்கிவிட்டது என்று டிப்போவில் பேசிக்கொண்டார்கள். லோத்குண்டாவில் மட்டும் வண்டி ஓர் அடி முன்னால் போகாமல் பலகைக்கு நேராக நிற்க வேண்டும். நின்றதும் இறங்கிக் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ‘ரைட்’ சொல்வாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரம் நல்ல தூறல். பலகைக்கு நேரே நிறுத்தி, எல்லோரையும் ஏற்றி, வண்டி கிளம்பிவிட்டது. அரை பர்லாங் தள்ளி, காம்பவுண்டுச் சுவர் ஓரமாக, ஒரு பெண் குடையோடு தனியாக நின்றுகொண்டிருந்தாள். அங்கே நிறுத்தமே கிடையாது. முன்பு வண்டி தாண்டிப் போய் நின்ற இடம் அது. இந்தத் தடவை ஓட வேண்டாம் என்று முன்னாடியே வந்து நின்றிருக்கிறாள். கையைக் கூடத் தூக்கவில்லை.

“ஹோல்டான்!” என்று ஹம்சா போட்ட கூச்சலில் மல்லேஷம் பிரேக்கை மிதிக்க, நின்றவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

ஜுலைகா ஏறினாள். உடம்பில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. ஆதார் கார்டை நீட்டினாள். பெண்களுக்கான இலவச ஜீரோ டிக்கெட்டை மெஷின் துப்பியது. ஹம்சா அதைக் கிழிக்காமல் நின்றாள். முன்வாசல் சீட்டில் இருந்த பெண் என்ன தோன்றியதோ, எழுந்து இடம் விட்டாள்.

“மருந்து முடிஞ்சுதுக்கா. சுத்தமா இல்லைன்னு சொல்லிட்டாங்க” என்றாள் ஜுலைகா. “ரொம்ப இளைச்சுட்டீங்களே. அப்போ ஒரு சீட்டு வெச்சிருந்தேன், உங்களுக்குக் குடுக்கலாம்னு...”

“ஜுலைகா, அன்னிக்கெல்லாம் வண்டில கூட்டம் இல்ல. நான்தான் தாண்டி நிறுத்தச் சொன்னேன்.”

“தெரியும்க்கா. ஓடி வந்தவளுக்குத் தெரியாதா?” அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஹம்சா பிழைத்திருப்பாள். “வீட்ல பச்சப்புள்ள. நீங்க பயந்தீங்க. உங்க இடத்துல நான் இருந்தாலும் அப்டித்தான் செஞ்சிருப்பேன். அத விடுங்க.” மடியிலிருந்த பையைப் பிரித்து ஒரு சின்ன சட்டையை எடுத்தாள். மஞ்சள் துணி, நீலக் காலர், நெஞ்சில் ஒரு பஸ் படம் கையால் தைத்திருந்தது. “ஒன்றரை வயசு அளவுக்கு வெட்டினேன். பத்துமா? நடக்கிறானா?”

ஹம்சா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் தமிழில், வண்டியில் வேறு யாருக்கும் விளங்காத அந்த மொழியில், “மாசிலயே போயிட்டான்டி. அதே நோவுதான். என்கிட்டேருந்துதான். உனக்கும் என்கிட்டேருந்துதான்னு நினைக்கிறேன்” என்றாள்.

ஜுலைகா சட்டையைப் பார்த்தாள். அதை மடித்தாள். பைக்குள் வைக்கப் போய், வைக்க முடியாமல் வெளியே எடுத்தாள். பிறகு அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஹம்சா அவள் காலடியில், பஸ்ஸின் ஈரத் தரையில், பையும் மெஷினுமாக உட்கார்ந்துவிட்டாள்.

“நான் இன்னும் கொஞ்சம் வேகமா ஓடியிருக்கணும்க்கா” என்றாள் ஜுலைகா. “இன்னும் பத்தடிதான். ஓடியிருக்கணும்.”

“ரைட்டா, மேடம்?” என்று முன்னாலிருந்து மல்லேஷம் கேட்டான்.

ஹம்சா வாயைத் திறந்தாள். பதினோரு நாள் அவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை வரவில்லை. திறந்த ஜன்னல் வழியாகத் தூறல் இரண்டு பேர் மேலும் விழுந்தது. பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. மல்லேஷம் இன்னொரு தடவை கேட்டான். கடைசியில் வேலைக்கு நேரமாகிற யாரோ ஒருவர் பின் சீட்டிலிருந்து “ரைட், ரைட்!” என்று கத்தினார், வண்டி கிளம்பியது.